சுடுமல்லியும் என் தோள்பையும்

முதலில் உங்கள் தோள்பையைக் கவிழ்த்து ஒரு தடவை நன்றாக உதறிவிடுங்கள். பிறகு பேசுவோம்.

வேளாண்மைத் துறையில் காலமெல்லாம் காடு காடாக நடந்து ஓய்வு பெற்ற ஒருத்தி, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வந்தால் மண் பரிசோதனை, மானியம், விதை நேர்த்தி என்றுதான் ஆரம்பிப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் உங்கள் கையிலிருக்கும் டேப்லெட்டிலேயே இருக்கிறது. நிலத்தில் கால் வைத்ததும் போட்டோ எடுத்து ஏற்றுகிறீர்கள், நீங்கள் நிற்கிற இடம்கூட அதில் பதிவாகிவிடுகிறது. உங்கள் செருப்பில் எந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் அது பதிவு செய்வதில்லை. நான் சொல்லப்போவது அந்த மண்ணைப் பற்றித்தான். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு காக்கி கேன்வாஸ் பை இருந்தது. டைரி, குடை, டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், பழைய செய்தித்தாள் எல்லாம் அதற்குள் அடங்கும். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாக அதைத்தான் உள்ளே போடுவேன். வரப்பில் உட்கார்ந்தால் பக்கத்தில் அதையும் உட்கார வைப்பேன். எத்தனையோ கரிசல் காடுகளின் தூசி அதன் மடிப்பில் சேர்ந்திருந்தது. அதை நான் ஒருநாளும் துவைத்ததில்லை. அழுக்குப் பையோடு அலைகிற அலுவலர்தான் உண்மையாக வேலை செய்கிற அலுவலர் என்று எனக்கு ஒரு நினைப்பு.

சுடுமல்லி என்கிற களையை உங்களில் எத்தனை பேர் பூவோடு பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. சோளத்தின் காலடியில் முழங்கால் உயரம்கூட வராமல் நிற்கும். இலை பச்சையாகத்தான் இருக்கும். சின்னச் சின்னதாய் வெள்ளைப் பூ. காலை வெயிலில் ஒரு காடு முழுக்க அது பூத்து நிற்கும்போது, பயிர் போச்சே என்று வயிறு எரிய வேண்டிய நான், அழகாய் இருக்கிறதே என்று வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன்.

அதன் விதை மூக்குப்பொடியைவிடப் பொடிசு. மண்ணில் விழுந்தால் உடனே முளைக்காது. மழை பெய்தாலும் முளைக்காது. வருடக்கணக்கில் தூங்கும். பக்கத்தில் ஒரு சோள வேர் நீண்டு வந்து, அந்த வேரிலிருந்து கசிகிற ஏதோ ஒன்று ஈர மண் வழியாக அதைத் தொட்டால்தான் கண் விழிக்கும். விழித்த சில நாளுக்குள் அந்த வேரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்டால் பிழைத்தது. சோளம் தனக்கென்று உறிஞ்சிய நீரையும் சத்தையும் அது வாங்கிக்கொண்டு, மண்ணுக்கு மேலே தலையே காட்டாமல் வாரக்கணக்கில் உள்ளேயே வளரும். மேலே நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. நிலத்தில் ஈரம் இருக்கும், பயிர் மட்டும் தீயில் வாட்டினது போலச் சுருண்டு நிற்கும். மழை இல்லை என்போம், உரம் போதவில்லை என்போம். அது பூத்துக் காட்டும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இதைப் படித்த நாளிலிருந்தே கரிசலில் நடந்தால் எனக்குக் கால் கூசும். இங்கே கீழே எத்தனை தூங்குகிறதோ என்று தோன்றும். மத்தியான வெயிலில் தூரத்துக் காடெல்லாம் நீர் மாதிரி அசையும்போது, தூங்குவது அதுவா நானா என்றுகூடக் குழம்பியிருக்கிறேன். இந்த மயக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

காரியாபட்டி பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சிவகாசிப் பக்கம் மாற்றினார்கள். கிளம்புகிற வாரம், ஒரு சோளக்காட்டில் சுடுமல்லி அடர்ந்து நின்றது. மேலே பூ, கீழே முற்றிக் காய்ந்த காய். புது ஊர்க்காரர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள், காட்டி எச்சரிக்க வேண்டும் என்று கை நிறையப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். நல்ல எண்ணம்தான்.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே என் முதல் விவசாயிகள் கூட்டத்தை ஒரு சோளக்காட்டின் ஓரத்தில், வேப்பமரத்து நிழலில் வைத்தேன். காடு பாண்டியம்மாளுடையது. பாண்டியம்மாள் பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற வேலைக்குப் போகிறவள். புருஷன் லாரி டிரைவர். லோடு ஏற்றி வடக்கே போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு பசுமாடும் அவள் பொறுப்பு. சோளம் வீட்டுக்கு, கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தட்டை மாட்டுக்கு. தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருக்கிற நாளில் அவளே இறங்கிக் களை எடுப்பாள்.

அந்த வேப்பமரத்தில் புல்லுருவி பிடித்திருந்தது. பேச்சை அதிலிருந்தே தொடங்கினேன். "பார்த்தீர்களா, சின்னக் குருவி ஒன்று பழத்தைத் தின்கிறது. விதை பிசினாக அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. குருவி கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. அங்கேயே முளைத்து மரத்தை உறிஞ்சுகிறது" என்றேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு செய்தித்தாளைப் பிரித்தேன். காய்ந்த காய்களை உள்ளங்கையில் தட்டினேன். கரும்பொடி கொட்டியது. "இது எவ்வளவு லேசு தெரியுமா?" என்று கேட்டு, எல்லோரும் பார்க்க, ப்பூ என்று ஊதினேன்.

தை மாதத்து வாடைக்காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. கூட்டத்தில் ஒரு ஆச்சரிய முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. மேலே குருவி செய்துகொண்டிருந்த வேலையைத்தான் கீழே நான் செய்துகொண்டிருந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்போது நினைத்தால் எனக்கும் அழுகையோடு சிரிப்பு வருகிறது.

அடுத்த புரட்டாசியில் மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் பாண்டியம்மாளின் சோளம் சுருண்டது. மார்கழியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போய் வேப்பமரத்தடியில் நின்றேன். என் கால் நின்ற இடத்திலிருந்து தொடங்கி, வாடைக்காற்று போன திசையில், விசிறி விரித்தது போல வெள்ளைப் பூ. உழுத டிராக்டர் மண்ணோடு இழுத்துப்போன இடத்தில் கோடு கோடாக நீண்டிருந்தது. வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் காட்டின் ஓரத்திலும் பத்துப் பதினைந்து செடி. அந்தப் பூக்களுக்கு நடுவே சோளம் கதிர் தள்ளாமல் நின்றது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த விசிறியின் காம்பில் நான் நிற்கிறேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் கருப்பசாமி டிராக்டர் வைத்திருப்பவர். பாண்டியம்மாளின் காட்டுக்கு அவர் நிலத்து ஓரமாகத்தான் பாதை. அவரும் வந்து நின்றார்.

"போன கோடையில அவ காரியாபட்டிப் பக்கமிருந்து தட்டை வாங்கியாந்து மாட்டுக்குப் போட்டா. அதுலதான் இந்த எழவு வந்திருக்கு. அப்படித்தான ஆபீசரம்மா?"

தட்டையோடும் வரலாம். தின்ற மாட்டின் சாணத்தோடும் வரலாம். அது பொய்யில்லை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

"இருக்கலாம்" என்றேன்.

என் வேலைக்காலத்தில் நான் சொன்ன பொய்களையெல்லாம்விட அந்த ஒற்றைச் சொல்தான் என்னை அதிகம் வருத்தியது. ஆபீசரம்மாவே சொல்லிவிட்டாள் என்று ஊருக்குள் பரவியது. ஒரு வாரத்தில் கருப்பசாமி பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார். அவள் மாடுகளை மற்றவர்கள் தங்கள் காட்டு வழியே விடவில்லை. அவள் நிலத்துக்கு இனி டிராக்டர் வராது, அவள் சாணத்தை யாரும் எருவுக்கு வாங்க மாட்டார்கள் என்று பேச்சு. நிலத்தைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் கம்பெனி வேலையைப் பார்க்கும்படி கருப்பசாமி சொல்லியனுப்பினார். உழவும் பாதையும் இல்லாமல் அடுத்த புரட்டாசியில் அவள் எப்படி விதைப்பாள்? எல்லாம் என் காதுக்கு வந்தது. நான் வேறு ஊர்களில் முகாம் போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால், கரும்பொடி காற்றில் மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். தரையைத் தொடவே தொடாது.

ஒருநாள் சாயங்காலம் மனது கேட்காமல் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். கம்பெனி வண்டி அப்போதுதான் அவளை இறக்கிவிட்டுப் போனது. கையிலும் முழங்கையிலும் அலுமினியப் பொடி. அந்த மஞ்சள் வெயிலில் அவள் கை வெள்ளியில் செய்தது போல மின்னியது. என்னைப் பார்த்ததும் "வாங்க ஆபீசரம்மா, உக்காருங்க. இந்தா வந்திட்டேன்" என்றவள் வாசலைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடியே சேலையைக் கொசுவம் பிரித்து உதறினாள். தலைத்துண்டை உதறினாள். தொட்டித் தண்ணீரில் கையையும் காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். செருப்பைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகுதான் படியேறினாள்.

"தினமும் இப்படியா?" என்று கேட்டேன்.

"பின்ன? மருந்து ரூமுக்குப் போயிட்டு உதறாம வீட்டுக்குள்ள வரலாமா? கண்ணுக்குத் தெரியாத பொடி அம்புட்டும் துணியில இருக்கும். உள்ள அடுப்பு எரியுது, பிள்ளைக இருக்கு. கம்பெனியிலயும் உதறித்தான் விடுவாக. நான் இங்கன வந்து இன்னொருக்கா உதறுவேன்." தலைத்துண்டைக் கொடியில் போட்டபடி சொன்னாள்: "இம்புட்டுத் தெரிஞ்ச சிறுக்கி, அந்தத் தட்டைய உதறாம கொண்டாந்துட்டனே ஆபீசரம்மா. என் தப்புதான். ஊர் முகத்துல எப்படி முழிக்கிறது? இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். என் காட்டோட போகட்டும், அடுத்தவக காட்டுக்குப் போயிரக் கூடாதுன்னு."

அவள் அழவில்லை. என் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே கிடந்த ஒரு வெள்ளைச் சாக்கின் மேல் அதைக் கவிழ்த்து உதறினேன். பஸ் டிக்கெட்டுகள், நிலக்கடலைத் தோல், ஒரு பேனா மூடி. தையல் மடிப்பை வெளியே இழுத்து இன்னொரு முறை தட்டினேன். சாக்கின் மேல் கருப்பாக, மூக்குப்பொடி போல ஒரு சிட்டிகை விழுந்தது.

"வேப்பமரத்தடியில அன்னைக்கு ஊதினேனே, ஞாபகம் இருக்கா பாண்டியம்மா? உங்க தட்டை இல்ல. நான்தான்."

அவள் குனிந்து அந்தப் பொடியையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாக்கின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பொடிகூடச் சிந்தாமல் சுருட்டி, அடுப்புக்குள் திணித்தாள். அது எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"இத ஊர்ல சொல்லுவீகளா?"

"சொல்லுவேன்."

"எப்ப?"

ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தன. வாசலில் நின்றபடியே மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "நீங்களா ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க மேடம்? வறட்சின்னு எழுதுங்க, ஃபைல் முடிஞ்சிரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். வறட்சி என்று எழுதினால் ஃபைல் முடியும். பாதையில் கிடக்கிற முள் அப்படியே கிடக்கும். பாண்டியம்மாள் வாசலில் போனை வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில" என்றேன்.

காலையில் பால் சங்கத்தின் முன்னால் கேனோடு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பனி விலகாத நேரம். ஆட்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தார்கள். பாண்டியம்மாள் கடைசியில் தனியாக நின்றாள். நான் படியில் ஏறி நின்று சொன்னேன். பையைத் தூக்கிக் காட்டினேன். ஊதியதைச் சொன்னேன். 'இருக்கலாம்' என்று சொன்னதையும் சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். "நோயப் பாக்க வந்த டாக்டர் ஊசியில நோயக் கொண்டாந்த மாதிரில்ல இருக்கு" என்றார் ஒருவர். கருப்பசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க காட்டுலயும் வந்திருக்கே, அதுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான். உங்க காட்டுல முளைச்ச ஒவ்வொரு செடியையும் நானே வந்து பிடுங்குறேன். எம்மேல மனுக் குடுங்க. குடுக்க வேண்டியதுதான்."

கொடுத்தார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். என் பணிப்பதிவேட்டில் அது இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மனு எழுதின அன்றே அவர் பாதையில் கிடந்த முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டார். பாண்டியம்மாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரம் இரண்டு கட்டுத் தட்டை அவள் தொழுவத்து வாசலில் கிடந்தது. நன்றாக உதறிக் கட்டியிருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள்.

பிடுங்கினோம். பூக்கப் போகிறதும் பூத்ததுமாக, காய் வெடிக்கும் முன்னே பிடுங்கிக் காட்டு மூலையிலேயே எரித்தோம். நானும் அவளும், பிறகு கருப்பசாமியின் மனைவியும். ஆனால் மண்ணுக்குள் தூங்குவதை என்ன செய்ய? அதற்குச் சோளத்தை மறந்துவிட்டுச் சில வருடம் பருத்தி போடச் சொன்னேன். பருத்தி வேரும் சுடுமல்லி விதையை எழுப்பிவிடும். ஆனால் அந்த வேரில் அதற்குப் பிடி கிடையாது. விழித்த விதை பற்றிக்கொள்ள இடமில்லாமல் பட்டினியில் சாகும். பாண்டியம்மாள் நெடுநேரம் யோசித்தாள். சோளம் இல்லையென்றால் மாட்டுக்குத் தட்டை வெளியே வாங்க வேண்டும். நான் சொன்னதை நம்பித்தான் அவள் ஒருமுறை கெட்டாள். இரண்டாம் முறை நம்பச் சொல்ல எனக்கு வாய் கூசியது.

"இதுலயும் ஏதாச்சும் ஊதப்போறீகளா?" என்று கேட்டாள். பிறகு சரி என்றாள்.

அவள் காட்டை உழும்போது கருப்பசாமி அதைக் கடைசியாகத்தான் உழுவார். முடித்ததும் கலப்பையை அங்கேயே தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாண்டியம்மாள் குடத்தோடு வரப்பில் நிற்பாள், அவர் கழுவுவார்.

பருத்தி வெடித்த மாதங்களில் அந்தக் காட்டில் நடப்பது ஒரு தினுசான கனவாக இருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு. கீழே, என் காலடியில், நான் ஊதிய விதைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து, வேரைத் தேடிக் கை நீட்டி, ஒன்றும் கிடைக்காமல் அடங்கிக்கொண்டிருக்கும். ஒரு சத்தமும் இராது. எனக்கு அவற்றின்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. பாண்டியம்மாளிடம் சொன்னேன். களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "எங்க வயித்துல அடிச்ச கழுதைக்கு நீங்க கண்ணீர் விடுறீகளா? நல்ல ஆபீசரம்மா போங்க."

நான் ஓய்வு பெறுகிற வருடம் அவள் மறுபடி சோளம் விதைத்தாள். என்னைக் கேட்டுத்தான் விதைத்தாள். எனக்கு நாற்பது நாள் தூக்கமில்லை. மார்கழியில், என் கடைசி வாரத்தில் போனேன். பை புதுசு, வெறும் பை. ஆனாலும் வரப்பிலேயே என்னை நிறுத்தினாள். "உதறுங்க" என்றாள். உதறினேன். குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். செருப்பின் அடியை விரலால் தேய்த்துக் கழுவச் சொன்னாள். அதன் பிறகுதான் உள்ளே விட்டாள்.

சோளம் என் தலைக்கு மேலே நின்றது. கதிர் கனத்துச் சாய்ந்திருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் காடு பெருமூச்சு விட்டது. வேப்பமரத்தடி வரைக்கும் நடந்தோம். அங்கே, அன்றைக்கு நான் நின்று ஊதிய இடத்தில், ஒரே ஒரு சுடுமல்லி பூத்திருந்தது. வெள்ளையாக, குழந்தை மாதிரி.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. "பாண்டியம்மா" என்றேன்.

அவள் குனிந்து அதை வேரோடு பிடுங்கினாள். ஒரு சோள வேரும் கூடவே வந்தது. இரண்டும் ஒட்டியிருந்த இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு. அதை எனக்குக் காட்டிவிட்டு, முந்தானையில் முடிந்துகொள்ளாமல், கையிலேயே மூடிப் பிடித்தாள்.

"ஒண்ணுதான. இன்னும் வரும். வந்தா நான் பாத்துக்கிறேன், இது எங்காட்டுச் செடி. நீங்க இத நெனச்சு உடம்பக் கெடுத்துக்காதீக."

திரும்பி நடந்தோம். வரப்புக்கு வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் வேகமாக இறங்கப் போனேன். அவள் என் பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். குடத்தை மறுபடியும் தூக்கினாள்.

"எங்க போறீக? என் காட்டுல இருந்துல்ல வெளிய போறீக. உதறிட்டுப் போங்க."